யப்பான் படத்தின் கடைசி ரீல்

சென்ற மாதம் நான் வேலை பார்த்த மன்னார்க் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். புதிதாக வேலைக்கு வந்தவராம். "ஐயா, களஞ்சிய அறையைத் துப்பரவாக்கேக்கை ஒரு தகரப் பெட்டி வந்தது. மேலை என்ன பாஷை எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. உங்களிட்டைக் கேக்கச் சொல்லிச்சினம்" என்றார். பெட்டி என்ன அகலம், மூடியில் நெளிவு இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டேன். மூன்றாவது தேவைப்படவில்லை. அது யப்பான் எழுத்து. உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

"அட, அப்பிடியோ! அப்ப எங்கட ஆண்டு மலருக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ ஐயா. பகிடியா, சிரிக்கக்கூடியதா இருந்தா நல்லது."

பகிடியாகத்தான் தொடங்குகிறேன். முடிவு அப்படி வராது. பிடிக்காவிட்டால் போடாமல் விடுங்கள், கோபிக்க மாட்டேன்.

நான் நறுவிலிக்குளத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை. வயல் இரண்டு போகம் தொடர்ந்து கைவிட்டதும் அப்பா என்னை அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட வைத்தார். கிடைத்தது நடமாடும் படக்காட்சிப் பிரிவு. கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி. படச்சுருளை எந்திரத்தில் கோப்பது, அறுந்தால் பிளேட்டால் சீவி ஒட்டுவது, விளக்கு எரிந்துபோனால் சுடச்சுடக் கழற்றுவது. இவ்வளவுதான் படித்தேன். ஆனால் என் வேலையின் முக்கால் பங்கு வாய் வேலை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஓடும் படத்துக்கு, பக்கத்தில் மைக்கோடு நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும். அதை எனக்குப் பழக்கியவர் எங்கள் பொறுப்பதிகாரி சூசைப்பிள்ளை சேர்.

சேர் ஒல்லியான மனிதர். கழுத்துப் பட்டிக்குள் எப்போதும் வேர்வை துடைக்க ஒரு கைலேஞ்சி மடித்து வைத்திருப்பார். எல்லாரும் அவருக்கு "ஐசே"தான். கோபம் வந்தால் "மிஸ்டர்" என்பார். அவர் என்னை மிஸ்டர் என்று கூப்பிட்ட நாட்களை விரலில் எண்ணலாம். அந்த நாட்களில் நான் சோறு தின்னவில்லை.

அவரிடம் ஒரு முறை இருந்தது. மாலைக் காட்சிக்கு மத்தியானமே ஊருக்குப் போய்விடுவோம். நாங்கள் திரை கட்ட, அவர் நடந்தே ஊருக்குள் போவார். பங்குச் சுவாமியார் வீடு, சங்கக்கடை, தேத்தண்ணிக் கடை. திரும்பி வந்து கொப்பியைத் திறந்து எனக்கு வாசிப்பார். "இஞ்சை இந்த வருஷம் நாலு சாவு ஐசே. ஒண்டு கிணத்திலை. நாங்கள் போடப்போறது கிணத்துக்குக் குளோரின் போடுற படம். 'விழுந்து' எண்ட சொல் உம்மட வாயிலை வரக்கூடாது." படத்தை அவர்கள் எடுத்திருக்கலாம், கதையை நாங்கள்தான் இந்தச் சனத்துக்குச் சொல்கிறோம் என்பார். யாருடைய புண்ணிலும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது, அதுதான் அவருடைய வேதம்.

எல்லா நேரமும் அது பலிக்காது. முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டியில் மலேரியா நுளம்பு ஒழிப்புப் படம் போட்டோம். அதில் ஒரு குட்டைக்குப் பக்கத்தில் பன்றிகள் படுத்திருக்கும். "அந்த இடத்திலை வில்லையை மறைச்சுக் கையை வையும்" என்றார் சேர். நான் பயத்தில் முன்கூட்டியே வைத்து, எடுக்கவும் மறந்துபோனேன். திரை இருட்டு. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பினார். "தம்பி, கையை எடுங்கோ. பண்டியை நாங்களும் கண்டிருக்கிறம். நுளம்பைக் காட்டுங்கோ" என்றார். சனம் உருண்டு சிரித்தது. சேரும் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் பழக்கிய இரண்டாவது விஷயம், குரல். "நல்லதைச் சொல்லேக்கை குரலை மேலை தூக்கும். கெட்டது வரேக்கை கீழை இறக்கி, மெள்ளமாச் சொல்லும். சனம் அதிராது. வைத்தியர் ஊசி போட முதல் கதைக்கிற மாதிரி." இதற்காகவே என்னைக் கடற்கரையில் நிறுத்தி ஒரு மாதம் பழக்கினார். அந்தக் குரல் எனக்கு ஊறிப்போனது. கல்யாணம் முடித்த பிறகு என் மனைவி, "உப்பு முடிஞ்சுது எண்டு சொல்லுறதுக்கு ஏன் செத்த வீட்டுக் குரல்?" என்று கேட்டிருக்கிறாள்.

யப்பான் படம் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்து, கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. பேச்சு யப்பான் மொழி, அடியில் ஆங்கில எழுத்து. சேர் கந்தோர் யன்னலைச் சாக்கால் மூடி மூன்று தரம் பார்த்து, மூன்று பக்கத்தில் தமிழ்க் கதை எழுதித் தந்தார்.

கதை இதுதான். ஒரு வெளிச்சவீட்டு வேலைக்காரன், ஒரு வைத்தியர் கண்டுபிடித்த மருந்தைக் குடிக்கிறான். உடம்பு மறைந்துவிடுகிறது. முதலில் எல்லாம் கூத்து. தொப்பி தனியே நடக்கும், சைக்கிள் தனியே ஓடும். பிறகுதான் மருந்துக்கு மாற்று இல்லை என்பது தெரியவருகிறது. அவன் வீட்டுக்குப் போகிறான். தாய் தனியே இருந்து சாப்பிடுகிறாள். அவன் முன்னால் குந்துகிறான். அவனுடைய சோற்றுக் கோப்பை தானாக மேலே எழும்புகிறது. தாய் அதைப் பார்த்தபடியே இருக்கிறாள். கடைசியில், துரத்துகிறவர்களுக்குத் தப்பி ஓடுகையில் கூரையிலிருந்து விழுகிறான். வெண்பனியில் ஆள் உருவத்தில் ஒரு பள்ளம் மட்டும் தெரிகிறது. உயிர் போகப்போக மருந்து முறிந்து, அந்தப் பள்ளத்துக்குள் கை, கால், முகம் என்று மெல்ல மெல்லத் தெரிந்துவருகிறது. தாய் ஓடிவந்து விழுகிறாள். முற்றும்.

மன்னார் டவுனில் போட்ட நாள் மறக்காது. தொப்பி நடந்து வருகிற இடத்தில், எங்கிருந்தோ ஒரு கழுதை திரைக்கு முன்னால் வந்து நின்றது. "கண்ணுக்குத் தெரியாதவன் ஏறி வாறான்!" என்று ஒருவன் கத்த, ஒரு நிமிடத்துக்கு என் கதையை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஊர்களில் அந்தப் படத்தைத்தான் கேட்டார்கள். கொலரா படம் என்றால் முகத்தைச் சுளித்தார்கள்.

பிறகு காலம் கெட்டது. ஊரடங்கு வந்ததும் மாலைக் காட்சி நின்றது. பகலில், மண்டபங்களுக்குள் யன்னலுக்குச் சாக்குக் கட்டிப் போட்டோம். ஆட்கள் காணாமல் போகத் தொடங்கிய காலம் அது. யார் கொண்டுபோனது என்று சனம் உரத்துக் கேட்பதில்லை.

தாழ்வுபாட்டுக்கு அப்படியொரு பகலில்தான் போனோம். மீன்பிடிக் கிராமம். கோயில் மண்டபத்தில் திரை கட்டி முடிக்கையில் சேர் வந்தார். கொப்பியைத் திறக்கவில்லை.

"பிலோமினா எண்டு ஒரு அம்மா. மனிசன் முந்தியே கடலிலை போயிட்டார். ஒரே மகன், அருள்நேசன், பத்தொன்பது வயது. வலைக்கு நைலோன் நூல் வாங்க டவுனுக்குச் சைக்கிளிலை போனவன். நாலு மாசம். சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை."

"வேற படம் போடுவம் சேர்."

"கொலரா ரீல் கிழிஞ்சு கிடக்கு. சனம் வந்து இருந்திட்டுது, அந்த அம்மாவும் வந்திட்டா." கொஞ்ச நேரம் கைலேஞ்சியை இழுத்து இழுத்து மடித்தார். "கடைசி ரீலிலை அவன் சாகக்கூடாது."

"சேர், படத்திலை சாகிறானே."

"படத்திலை சாகட்டும் மிஸ்டர். மைக்கிலை சாகக்கூடாது."

எனக்கு இருபத்தெட்டு வயது. அவர் சொன்னது கருணையாகத்தான் பட்டது. இன்றைக்கும் அது கருணை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

படம் ஓடியது. உள்ளே ஒரே வெக்கை. தொப்பிக்குச் சிரித்தார்கள், சைக்கிளுக்குக் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். சோற்றுக் கோப்பை எழும்பியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் திரும்பின. அங்கே, தூணோடு சாய்ந்து, கறுத்தச் சேலையில் ஒரு மனிசி இருந்தா. நாற்பது வயதுக்கு மேல் இராது.

கடைசி ரீல். அவன் விழுந்தான். பனியில் பள்ளம் தெரிந்தது. நான் குரலை இறக்கினேன். "பார்த்தீர்களா, மருந்து முறிந்துவிட்டது. இதோ கை தெரிகிறது. இதோ முகம். ஓடியோடிக் களைத்துப்போன பிள்ளை நித்திரை கொள்கிறான். விடிந்ததும் எழும்பித் தாயிடம் போவான்." தாய் அழுதுகொண்டு ஓடிவரும் காட்சிக்கு முன் சேர் கையைக் காட்டினார், நான் விளக்கை அணைத்தேன். சனம் கை தட்டியது. இவ்வளவு பெரிய கைதட்டு எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் சுருளைச் சுற்றிக்கொண்டு நிற்க அந்த அம்மா வந்தா.

"தம்பி, அந்தப் பெடியன் செத்துத்தானே போனான்?"

"இல்லை அக்கா. நித்திரை."

"கண் திறந்தபடி கிடந்ததே."

"களைப்பு அக்கா" என்றேன்.

என் முகத்தை வடிவாகப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, நல்லாக் கதை சொல்லுறியள்" என்று போய்விட்டா. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு அன்று சுவாமியார் வீட்டில் பொரித்த மீனோடு போசனம் கிடைத்தது. பொய் சொன்ன வாய்க்கு அரசாங்கம் இன்றைக்கும் ஓய்வூதியம் தருகிறது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படக்காட்சிப் பிரிவு நின்றது. சேர் இடமாற்றம் பெற்றுப் போனார், போன இடத்தில் காலமானார். நான் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, கந்தோரில் கடிதக் கோவைகள் பார்த்து ஓய்வுபெற்றேன்.

ஓய்வுபெற்ற வருடம் கண்ணுக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்று இலக்கம் கேட்டேன். பின்னால் வாங்கில் இருந்த ஒரு வயோதிப மாது தலையை நிமிர்த்தினா.

"மைக்காரத் தம்பியோ?"

முப்பது வருடத்துக்கு மேல். குரலை வைத்துப் பிடித்துவிட்டா. அவவுக்குக் கண்ணில் அமுக்கம் கூடி, பார்வை அநேகமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்து கதைத்தோம். மகனைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை என்றா. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அதிகாரிகள் இரண்டு மூன்று தரம் வந்தார்களாம். அவ ஒப்பவில்லை. இறந்தவர்களுக்கு வைக்கிற ஆன்ம இளைப்பாற்றிப் பூசையை அவனுக்கும் வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் சொன்னபோது, அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாவாம்.

"உங்கட படந்தான் தம்பி என்னை வைச்சிருக்கு" என்றா.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பொய்."

"அது எனக்குத் தெரியுமே! நித்திரையாம் நித்திரை. பனிக்குள்ளை கண் திறந்து கொண்டு ஆர் நித்திரை கொள்ளுவான்?" என்று சிரித்தா. "நீங்கள் சொன்னதை நான் கேக்கேல்லை. படத்தைப் பாத்தனான். உயிரோட இருக்குமட்டும் அவன் தெரியேல்லை. செத்த உடனை தெரிஞ்சான். என்ரை பிள்ளை இன்னும் தெரியேல்லைத் தம்பி. செத்திருந்தா எங்கையாவது, ஏதாவது ஒண்டு தெரிஞ்சிருக்கும்."

படம் பார்த்து ஏமாந்த பேதை என்று நினைக்காதீர்கள். மனிசி தன் காரியத்துக்கு எது உதவும் என்று தானே பார்த்து எடுத்துக்கொண்டா. நானும் சேரும் கொடுத்த ஆறுதலைக் குப்பையில் போட்டுவிட்டு, நாங்கள் மறைத்த முடிவையே கையில் பிடித்துக்கொண்டு அத்தனை வருடம் நடந்திருக்கிறா.

பிறகு சில வருடம் கழித்து, மாவட்டத்தில் ஓரிடத்தில் அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. எலும்புகளோடு கிடைத்த பொருட்களைக் காணாமற்போனோரின் உறவினர் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். பிலோமினா அக்கா எனக்கு ஆள் அனுப்பினா.

"நான் போகத்தான் வேணும். எனக்குக் கண் இல்லை. சொந்தக்காரர் ஆரும் வந்தா, 'முடிஞ்சுது, விடு' எண்டு சொல்லுறதுக்கு ஏதாவது ஒண்டைக் காட்டுவினம். நீங்கள் வாங்கோ. மேசையிலை கிடக்கிறதை ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, படத்துக்குச் சொன்ன மாதிரி. ஆனா இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லவேணும்."

"மடு மாதாவிலை சத்தியமாச் சொல்லுறன் அக்கா."

அவ தேடியது ஒரே பொருள். அருள்நேசன் கழுத்தில் ஒரு அந்தோனியார் பதக்கம் கட்டியிருந்தான். சங்கிலி அறுந்தபோது அவவே வலை நூலில் கோத்து, வலைக்குப் போடுகிற முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டது. "துணி உக்கி மண்ணாப் போகும். நைலோன் உக்காது தம்பி" என்றா.

நீண்ட மேசை. வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பொருளும் இலக்கம் போட்ட பையில். காவலுக்கு ஒரு பெண் உத்தியோகத்தர். அக்கா என் கையைப் பிடித்தபடி நடந்தா. நான் இடமிருந்து வலமாகச் சொன்னேன். ஒரு இடுப்புப் பட்டி, கொளுக்கி துருப்பிடித்திருக்கிறது. இறப்பர்ச் செருப்பு, வலது கால், சின்ன அளவு. சட்டைப் பொத்தான் நாலு. போத்தல் மூடி. ஒரு மோதிரம், கல் இல்லை. மாதா பதக்கம் ஒன்று, செம்புச் சங்கிலியோடு. சீப்பு. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் விரல்கள் என் கையில் இறுகித் தளர்ந்தன. முன்னால் போன ஒரு தாய் சீப்பைப் பார்த்து விழுந்து அழுதுகொண்டிருந்தா.

கடைசிப் பை வந்தது. சாவி ஒன்று. மேசை முடிந்தது. அந்தோனியார் பதக்கம் இல்லை. நூல் இல்லை. திரும்பவும் ஒருமுறை கண்ணால் முழு மேசையையும் பார்த்தேன். இல்லை.

"இல்லை அக்கா" என்றேன். "அந்தோனியார் பதக்கம் இதுக்குள்ளை இல்லை."

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கேட்டது. நான் குரலை இறக்கியிருந்தேன். மெள்ளமாக, ஒவ்வொரு சொல்லாக, கடற்கரையில் ஒரு மாதம் பழகிய குரலில் சொல்லியிருந்தேன். நல்ல சேதியை உரத்துச் சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் பக்கத்தில் ஒரு தாய் அழுகிறா, முன்னால் செத்தவர்களின் செருப்புக் கிடக்கிறது. என் தொண்டை தன் பாட்டில் தன் வேலையைச் செய்துவிட்டது.

அக்கா என் கையை விட்டா.

"காணும், போதும் தம்பி. நீங்கள் என்ன செய்வியள்."

"இல்லை அக்கா! சத்தியமா இல்லை! நான் சும்மா..." நான் உரத்துக் கத்தினேன். இப்போது கத்தி என்ன பயன். உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, "இந்த அம்மாவுக்குச் சொல்லுங்கோ பிள்ளை, அந்தோனியார் பதக்கம் இருக்கோ?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பட்டியலைப் பார்த்து, "இல்லை அம்மா, இல்லவே இல்லை" என்றார். அக்கா அவருடைய கன்னத்தைத் தடவி, "நீயும் நல்ல பிள்ளை" என்றா.

ஓட்டோவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கோயிலடியில் நிறுத்தச் சொன்னா. அடுத்த வெள்ளிக்கிழமை அருள்நேசனுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை. ஊரே வந்தது. நான் பின்னால் நின்றேன். செத்தானோ இல்லையோ என்று தெரியாத ஒருவனுக்காக எல்லாரும் முழந்தாளில் நின்றார்கள். என்னால் முழந்தாளிட முடியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தரம் வீட்டுக்குப் போனேன். சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். "அக்கா, நான் பொய் சொல்லேல்லை. குரல் அப்பிடி வந்திட்டுது" என்றேன்.

"விடுங்கோ தம்பி. உங்களைக் கஷ்டப்படுத்திப்போட்டன். இப்ப எனக்கு நல்ல நித்திரை வருது" என்று எனக்கு ஆறுதல் சொன்னா. உண்மையாகவே முகம் தெளிந்திருந்தது, சோறும் வடிவாகச் சாப்பிட்டா. அதைப் பார்த்து ஒரு கணம், இப்படியே விட்டால் என்ன என்றும் நினைத்தேன். நான் மனிதன்தானே. அந்த மாதமே அதிகாரிகள் கொண்டுவந்த தாள்களில் கையெழுத்து வைத்து மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தா. எட்டு மாதத்தில் அவவும் போய்விட்டா. மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலில், "காலஞ்சென்ற அருள்நேசனின் அன்புத் தாயார்" என்று போட்டிருந்தார்கள். "காலஞ்சென்ற" என்ற சொல்லை அச்சுக்குக் கொடுத்தது அவவுடைய சொந்தக்காரர், எழுதியது என் குரல்.

நாற்பத்தொன்றாம் நாள் முடிந்ததும், காணாமற்போனவர்களின் விபரம் பதிகிற கந்தோருக்குப் போனேன். அருள்நேசனின் பெயரைச் சொன்னேன். அங்கிருந்த பிள்ளை அலுமாரியில் தேடிக் கோவையை எடுத்துத் தூசு தட்டினார்.

"இது முடிச்ச கோவை ஐயா. தாய் கையெழுத்து வைச்சிருக்கிறா."

"அந்த அம்மாவுக்குப் பிழையான விளக்கம் போய்ச் சேர்ந்திட்டுது பிள்ளை. திரும்பத் திறக்கேலாதோ?"

"இரத்த உறவு ஆரும் வந்து கேட்டால் பாக்கலாம். நீங்கள் அவருக்கு என்ன முறை?"

முறை ஒன்றும் இல்லை, சொந்தக்காரர் வரமாட்டார்கள் என்றேன்.

"அப்ப வேற ஆர் இருக்கினம் ஐயா, அவரைத் தேட?"

ஒருவரும் இல்லை என்றேன். அந்தப் பிள்ளை கோவையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.